வண்டி என்னாச்சு?

ஆடிக் காற்றில் எவராவது நடைப்பயணம் போவார்களா? நாங்கள் போனோம். முக்கொம்பிலிருந்து ஆற்றங்கரையோடு கல்லணை வரைக்கும். நடுவில் ஸ்ரீரங்கத்தில் என் சிநேகிதி லிசி வீட்டில் தங்கல். யோசனை என்னுடையதுதான். என் வீட்டுக்காரர் ஷேக் தாவூது குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை திரும்ப ஃப்ளைட். ‘இனிமே போகாதீங்க’ என்று சொல்ல வேண்டும். பாலக்கரையில் எங்கள் வீட்டில் அதை எங்கே நின்று சொல்வது? அடுப்படியில் மாமி, மாடியில் கொழுந்தன் குடும்பம், மிச்ச இடமெல்லாம் விருந்தாளிகள். நடக்கப் போகிறோம் என்றால் மாமி விடமாட்டார். லிசி வீட்டுக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

காவிரி கரை தொட்டு ஓடியது. காற்று வாழை இலைகளை நார் நாராகக் கிழித்தது. வாயைத் திறந்தால் பல்லில் புழுதி. தூரத்தில் ராஜகோபுரம் தெரிந்தது. எவ்வளவு நடந்தாலும் அது அங்கேயேதான் நின்றது.

“என்னங்க, ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

ஒரு டிராக்டர் நின்றது. “வண்டி என்னாச்சுங்க? ஏறுங்க, மேலூர்ல விடுறேன்.”

“சும்மா நடக்குறோம்ங்க.”

“சும்மாவா?” டிராக்டர்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “டாக்டர் சொன்னாரா?”

இந்த ஊரில் ஒரு மனுஷி காரணமில்லாமல் நடக்கவே கூடாது! நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு வண்டி நின்றது. பால்காரர் நின்றார், கேஸ் சிலிண்டர்காரர் நின்றார். எல்லோருக்கும் அதே கேள்வி. கடைசியாக வந்தவன் தாஹா, எங்கள் தெருக்காரன். அந்த நேரம் பார்த்து என் கண்ணில் தூசி. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் போகிறேன். காற்றில் பறந்த தொப்பியைப் பிடித்துக்கொண்டு, “நில்லு நசீரா!” என்று கத்தியபடி இவர் பின்னால் ஓடி வருகிறார். தாஹா ஒன்றுமே கேட்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கமாகப் பறந்துவிட்டான்.

மேலூர் வருவதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ எங்களை மறித்தது. கொழுந்தன் நஸ்ருல்லா, மாமி, போதாததற்கு விருந்தாளிகள். யா அல்லாஹ்!

மாமி இறங்கியதும் மகனைப் பிடித்துக்கொண்டார். “கண்ணக் கசக்கிக்கிட்டு அவ நடந்தே போறா, நீ பின்னாடியே கெஞ்சிக்கிட்டு வர்றே! என்னடா சொன்னே அவள?”

“நான் ஒண்ணுமே சொல்லலம்மா!”

“அதான்டா கோளாறு! வெள்ளிக்கிழமை மறுபடி கிளம்புறியே, இங்கேயே இருந்துடுறேன்னு ஒரு வார்த்தை சொன்னியா?”

சண்டையே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். ஆனால் இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதத்தான் சொல்லணும்னியா?” என்றார் மெதுவாக.

தலையாட்டினேன். இந்தத் தடவை கண்ணில் தூசி எதுவும் இல்லை.

“போகலம்மா” என்றார் மாமியிடம். “தம்பியோட கடையில நிக்கிறேன்.”

மாமி என் கன்னத்தை வழித்தார். “அப்புறம் என்ன புள்ள? ஏறு வண்டியில.”

“நீங்க போங்க மாமி. நாங்க நடந்து வர்றோம்.”

“இன்னும் கோவம் தீரலையா?”

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. ஸ்ரீரங்கம் வரைக்கும் அந்த ஆட்டோ எங்கள் பின்னாலேயே உருண்டு வந்தது. உள்ளேயிருந்து அத்தனை தலைகளும் வெளியே நீட்டிக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்டன. கேட்கட்டும். எனக்குச் சொல்ல இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதையும் மாமியே சொல்லிவிட்டார்.