அறுபத்தெட்டைத் தாண்டிய ஊசி

அந்தத் தொழிற்சாலையில் அவளைச் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? அபாய மணிகளைச் சோதிப்பது அவள் வேலை. அதில் ஒன்று, பெயின்ட் உலர்த்தும் அறையின் மணி. அந்த அறைக்குள் வேலை பார்த்தவன் அவள் தம்பி. அப்பா போன பிறகு அவள் இடுப்பிலேயே வளர்ந்த பிள்ளை. தூக்கத்தைக் கெடுக்க இது போதாதா, கண்ணுகளா?

மணிக்கு உயிரே சுவரில் பதித்திருந்த ஒரு வனேடியம் ஆக்சைடு படிகம்தான். அரிசியைவிட மெலிந்த கறுப்பு ஊசி. சாதாரணமாக மின்சாரத்தை அண்டவே விடாது. சூடு அறுபத்தெட்டு டிகிரியைத் தொட்டதும் உலோகம்போலக் குணம் மாறி வழிவிட்டுவிடும். மணி அலறும். பெயின்ட் ஆவி தீப்பிடிப்பதற்குள் உள்ளே இருப்பவர்கள் ஓடி வந்துவிடலாம்.

மாதம் ஒருமுறை சோதித்தால் போதும் என்பது விதி. அவளோ தினம் மூன்று முறை, தம்பி உள்ளே போகும்போதெல்லாம், சூடான காற்று ஊதும் கருவியை ஊசியின் பக்கம் பிடிப்பாள். மணி அடித்த பிறகே அவனை விடுவாள்.

"அக்கா, தீ வர்றதுக்கு முன்னாடி இந்தச் சத்தத்துலயே போய்ச் சேந்துருவேன்போல."

"வாயக் கழுவுடா."

மாடியில் அந்தப் படிகங்களை வளர்ப்பவள் அவள் சிநேகிதி. ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். "ஏண்டி அதப் போட்டு இந்தப் பாடு படுத்துற? ஒவ்வொரு தடவ குணம் மாறும்போதும் உள்ள அணுவெல்லாம் எடம் மாறி உக்காருது. ஒரு பக்கம் நீளும், ஒரு பக்கம் சுருங்கும். ஆறுனா பழையபடி திரும்பும். ரெண்டு முனையையும் ஒட்டிவெச்சாச்சு, நீள எடமில்ல. உள்ளுக்குள்ளயே முறுக்கிக்கிட்டுக் கெடக்கும். ஒருநாள் விரிசல் விட்டுரும்."

"விட்டா மணி அடிக்காது, எனக்குத் தெரிஞ்சிரும். அதுக்குத்தானடி சோதிக்கிறேன்!"

"உன்கிட்டப் பேசி யாரு ஜெயிக்கிறது?" என்று சிநேகிதி கை கழுவப் போய்விட்டாள். இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியமும் மணி கணீரென்றுதான் அடித்தது. "போடா ராசா" என்று அவளே கதவைத் திறந்துவிட்டாள். பின்னால் ஊசி ஆறத் தொடங்கியது. ஆறி, பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது, குறுக்கே மயிரிழையாகப் பிளந்தது. அந்தச் சத்தம் எறும்புக்குக்கூடக் கேட்டிருக்காது.

மூன்று மணிக்கு உள்ளே சூட்டை வெளியேற்றும் விசிறி நின்றது. ஊசி இருந்த சுவரோரம் சூடு அறுபத்தெட்டைத் தாண்டி, எண்பதையும் தாண்டியது. அடுத்த கூடத்தில் அவள் காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றாள். மணி அடிக்கவில்லை; அதனால் நிம்மதியாக இருந்தாள். கதவிடுக்கில் புகையைப் பார்த்து ஓடியபோது கைப்பிடியைத் தொட முடியவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி சொன்னார். "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. இவ்வளவு அக்கறையா யாரும் பாத்ததில்ல."

சுவரிலிருந்து எடுத்த ஊசியைச் சிநேகிதி நுண்ணோக்கியில் வைத்தாள். பெரிய பிளவைச் சுற்றி வெடித்த குதிகால்போல எத்தனையோ சின்னச் சின்னக் கோடுகள்.

"இதெல்லாம் எப்ப வந்தது?"

சிநேகிதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் அம்மா, தம்பியின் படத்துக்கு மாலை போட்டிருந்த சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"மூணு வேளையும் பாத்தியேடி," என்றாள். "இன்னும் ஒரே ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதா?"