சீவிய உருத்து

குறிகட்டுவான் இறங்குதுறையில் ஆறரைக்கே வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. நெடுந்தீவுப் படகில் முதலில் சீமெந்து மூடைகள் ஏறின, பிறகு காஸ் சிலிண்டர்கள், பிறகு கோழித்தீன். ஆட்கள் கடைசியில்தான். நிருஜா பொலித்தீன் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி படகுக்குள் குதித்தாள். உள்ளே பத்தாம் ஆண்டுக்குப் படிப்பிக்கும் ஆங்கில நாடகத்தின் ஏழு பிரதிகள். பள்ளிக்கூடத்துப் பிரதி இயந்திரம் பழுதாகி எட்டு மாதம். இருந்த ஒரே புத்தகத்தைப் பார்த்து இரண்டு கிழமையாக அவளே ஏழு தரம் எழுதியிருந்தாள்.

"இண்டைக்கு வாயை அடக்கு," என்று இறுப்பிட்டி வீட்டில் சைக்கிள் எடுக்கும்போதே தாய் கிறேசம்மா சொல்லியிருந்தாள். "அந்தக் கையெழுத்து விழுமட்டும் நீ ஊமை. விளங்குதோ?"

விளங்கியது. மூன்று வருடம் முறியாமல், சம்பளமில்லாமல் படிப்பித்த தொண்டர் ஆசிரியர்களை நிரந்தரமாக்கப் பட்டியல் எடுக்கிறார்கள். அவளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் குறைவு. அதுவரை பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கம் அவளை வைத்திருந்தால்தான் அதிபர் சேவைக் கடிதத்தில் கையெழுத்து வைப்பார். ஆங்கில இலக்கியம் இந்தத் தீவுக்குத் தேவையோ என்று பார்க்க, சங்கச் செயலாளர் ஜெகதீஸ் இன்று வகுப்புக்கு வருகிறார். குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் அவள். எடுத்து நாலு வருடமாகியும், தாய் கம்பனியில் நண்டு உடைத்து வரும் சம்பளத்தில்தான் இன்னும் சாப்பாடு.

பத்தாம் ஆண்டில் ஏழு பேர். பின்சுவரோடு போட்டிருந்த கதிரைகளில் அதிபரும் ஜெகதீஸும் இருந்தார்கள்.

"நானூறு வருசத்துக்கு முதல் செத்த மனிசன்," என்று தொடங்கினாள். "இங்கிலாந்திலை நாடகம் எழுதினவர். தேப்பன் தோலிலை கையுறை தைச்சு வித்தவர். மகன் கம்பஸ் வாசலே மிதிக்கேல்லை."

"அப்ப நாங்களும் எழுதலாம், ரீச்சர்," என்றான் மிதுஷன்.

"முதல் நீ வீட்டுவேலையை எழுது."

அதிபர்கூடச் சிரித்தார். ஜெகதீஸ் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

இந்த மனிதருடைய துன்ப நாடகங்களில் விதி வந்து யாரையும் கொல்வதில்லை என்றாள். நல்லாய் இருக்கிற ஒருவர் தன் கையாலேயே ஒரு பிழை விடுவார். பிறகு அந்தப் பிழை அவரை இழுத்துக்கொண்டு போகும்.

"இதிலை ஒரு கிழட்டு அரசன். மூண்டு பொம்பிளைப் பிள்ளையள். உயிரோடை இருக்கேக்கையே நாட்டைப் பிரிச்சுக் குடுக்கப்போறார். என்னிலை எவ்வளவு பாசமெண்டு வாயாலை சொல்லுங்கோ, கூடச் சொல்லுறவைக்குக் கூடப் பங்கு எண்டுறார்." கரும்பலகையில் ஒரு தீவை வரைந்து மூன்றாகப் பிரித்தாள்.

"கிணறு ஆற்றை பங்கிலை?" என்று மிதுஷன் கேட்டான்.

"நாட்டைப் பிரிக்கிறாரடா, வளவையில்லை."

"நாடெண்டாலும் நல்ல தண்ணி வேணுமே, ரீச்சர்?"

நாடகத்தில் கடைக்குட்டி மகள் முகத்துக்காகக் கதைக்க மறுத்தாள். அரசன் அவளைக் கலைத்துவிட்டு முழுவதையும் மூத்தவர்கள் இருவருக்கும் கொடுத்தார். பிறகு அவர்கள் தகப்பனை மாறிமாறி வெளியே தள்ளினார்கள். இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த கிருசாந்தி நிமிர்ந்தாள்.

"அப்ப, சீவிய உருத்து வைக்காமலே எழுதினவர்?"

வகுப்பு குலுங்கியது. மகளுக்குச் சீதன உறுதிப்பத்திரம் எழுதும்போது, சாகுமட்டும் அந்த வீட்டில் இருக்கத் தாய் தகப்பனுக்கு உரிமை உண்டென்று சீவிய உருத்து வரி ஒன்று போடுவார்கள். வீட்டு அலுமாரியில் கிடக்கும் உறுதியை ஒருமுறையாவது எடுத்து வாசித்த பிள்ளைகள் இவர்கள். அரசனின் பிழையை எப்படி விளங்கப்படுத்துவது என்று நிருஜா இரண்டு கிழமையாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். இவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

"அதுதான்! அதுதான் அவர் விட்ட பிழை. அப்பிடி வைக்காட்டி என்ன நடக்கும்? ஆராவது சொல்லுங்கோ."

"பஸ்ரியாம்பிள்ளை அப்பு மாதிரி வாடியிலை கிடக்கவேண்டியதுதான்," என்றான் முன்வாங்கில் இருந்த றஜீபன்.

பின்னால் யார் இருக்கிறார் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. பஸ்ரியாம்பிள்ளை ஜெகதீஸின் மாமனார். வீட்டையும் வளவையும் மகளுக்கு முழுதாய் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு வருடமாகக் கடற்கரையில் வலை வைக்கும் வாடியில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். ஊருக்கே தெரியும். மருமகன் காதுபட யாரும் கதைப்பதில்லை.

கதிரை பின்னுக்குத் தள்ளுப்பட்ட சத்தம் கேட்டது.

"ஆரடா அது? எழும்பு."

றஜீபன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினான்.

"தேப்பன்ரை பேர் என்ன?"

"சுபேசன்."

"என்ரை போட்டிலை தொழிலுக்குப் போற சுபேசனே?"

"ஓம்."

"அவரோ இதுகளைச் சொல்லித் தந்தவர்?"

நிருஜா இருவருக்கும் நடுவே வந்து நின்றாள்.

"அண்ணை, நான் கேட்டனான், அவன் பதில் சொன்னவன். தேப்பனை ஏன் இழுக்கிறியள்? பதில் பிழையெண்டால் பிழையெண்டு சொல்லுங்கோ."

"அப்ப, அவன் சொன்னது சரியெண்டுறீரோ?"

"அதை நீங்கள்தான் சொல்லவேணும். அப்பு எங்கை இருக்கிறார்?"

"ரீச்சர்!" என்றார் அதிபர்.

அரை மணித்தியாலம் கழித்து அதிபர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். சேவைக் கடிதம் மேசையில் இருந்தது. அவளுடைய முழுப்பெயரும் பிழையில்லாமல் அடிக்கப்பட்டிருந்தது. கையெழுத்து இடம் மட்டும் வெறுமை.

"ஏழு பேரையும் விவசாயத்துக்கு மாத்தச் சொல்லீட்டார். இலக்கியம் இல்லையெண்டால் உம்மை என்னெண்டு வைச்சிருக்கிறது?"

"பத்தொன்பது நாள், சேர்."

"எனக்குத் தெரியாதே, பிள்ளை? பின்னேரம் அவற்றை வீட்டை போய் மன்னிப்புக் கேளும். பெடியனையும் கூட்டிக்கொண்டு போம். அப்பு தன்ரை விருப்பத்திலைதான் வாடியிலை இருக்கிறார் எண்டு பெடியன் எல்லாருக்கும் முன்னாலை வாயாலை சொல்லவேணுமாம். அவ்வளவுதான்."

நிருஜா கடிதத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"மன்னிப்பு நான் கேக்கிறன்," என்றாள். "காலிலை விழச் சொன்னாலும் விழுறன். பெடியன் வரமாட்டான்."

"பெடியன்தான் வேணுமாம்."

"அப்ப ஏலாது."

அதிபர் கடிதத்தை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார். அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"விவசாயம் படிப்பிக்க ஆர் இருக்கினம், சேர்?"

"இப்போதைக்கு ஆருமில்லை. நேரசூசியிலை செய்முறை எண்டு போட்டிருக்கு."

படகுக்கு நேரம் கிடந்தாலும் அவள் நடக்கத் தொடங்கினாள். துறைக்குப் போகும் பாதை ஜெகதீஸின் வளவோடுதான் போகிறது. மாரியில் சரிந்த அவருடைய கல்வேலியை ஏழு பேரும் செய்முறை என்ற பெயரில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய இரட்டைப் பாடவேளை இன்னும் முடிந்திருக்கவில்லை. கடல் தின்று ஓட்டை விழுந்த முருகைக்கற்கள். வெள்ளைச் சட்டைகளில் சாம்பல் தூள் அப்பியிருந்தது. ஜெகதீஸ் வேப்பமர நிழலில் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி, எல்லை எதுவரை என்று காலால் காட்டினார். றஜீபன் குனிந்த தலை நிமிரவில்லை.

கிருசாந்தி அவளைக் கண்டுவிட்டாள். கை காட்டப் பார்த்தாள். இரண்டு கையிலும் கல். அதை வயிற்றோடு அண்டக்கொடுத்தபடி அப்படியே நின்றாள்.

"அங்கை என்ன பார்வை? வை," என்றார் ஜெகதீஸ்.

வைத்தாள். அடுத்த கல்லுக்குக் குனிந்தாள்.