தாராளமா இழுக்கும்

போன செவ்வாய்க்கிழமை என் கடையின் மூக்குக்கண்ணாடியை நானே உடைத்தேன். கடைக்குள் விற்கிற கண்ணாடி என்றால் துடைப்பத்தால் ஓரமாகத் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். இது வாசலுக்கு மேலே விளம்பரத்துக்காகத் தொங்கிய கண்ணாடி. இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். மூக்கும் காதும் இல்லாமலே பல வருடமாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது, பாவம்.

புதிதாக ஒரு கேரவன், அதாவது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற சக்கர வீடு, வாங்கியிருந்தேன். புதிது என்றால் எனக்குப் புதிது, எனக்கு முன்னால் இரண்டு பேருக்குப் பழையது. அதை என் ஜீப்பின் பின்கொக்கியில் மாட்டியதுமே ஜீப் பின்பக்கம் அமுங்கி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. நான் கண்டுகொள்ளவில்லை. வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்பவர்களைக் கண்டுகொள்ளாமல் இருந்து பழகியவன். மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கள் சரிவான தெருவில் இறங்கி வந்தேன். கடை வாசலில் நிறுத்தி, நாலு பேர் பார்க்க இறங்க வேண்டும் என்று ஆசை.

பிரேக்கை மிதித்தேன். ஜீப் நிற்கத்தான் பார்த்தது. பின்னால் வந்தது ஒப்புக்கொள்ளவில்லை. கூட்டத்தில் முதுகில் கை வைத்துத் தள்ளுவார்களே, அப்படி ஒரு தள்ளு. ஜீப்பின் பின்பக்கம் ஒரு பக்கமாக நெளிந்தது, கேரவனின் மூலை கடைச் சுவரைத் தேய்த்துக்கொண்டு போனது, மேலேயிருந்து கண்ணாடி விழுந்து இரண்டாகப் பிளந்தது.

எதிர்க்கடைத் தையல்காரர் கழுத்தில் டேப்போடு எட்டிப் பார்த்தார். "கண்ணு டெஸ்ட் பண்றவருக்கே முதல்ல ஒரு டெஸ்ட் வைக்கணும் போலயே!"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். "கொஞ்சம் அகலமா திருப்பிட்டேன்" என்றேன்.

பொய். திருப்பவே இல்லை. வண்டி நிற்கவில்லை என்பது என் வலது காலுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். மனைவி இறங்கி, உடைந்த இரண்டு வட்டங்களையும் எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

இந்தக் கேரவன் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் மகள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். அடுத்த வாரம் பிரசவம். மருமகன் கப்பலில் வேலை, வர இரண்டு மாதம் ஆகும். அவள் இருப்பது ஒற்றை அறை வீடு, ஆனால் முன்னால் விசாலமான முற்றம். அங்கே கேரவனை நிறுத்தி அதிலேயே தங்கி, பிள்ளையையும் பெற்றவளையும் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. எனக்கு எப்போதாவது வரும் யோசனைகளில் இதுதான் நல்லது என்று நம்பியிருந்தேன். நடுவில் மலை ஒன்று இருப்பதை மட்டும் யோசிக்கவில்லை. ஏறுவது ஒரு பக்கம், இறங்குவது ஒரு பக்கம், இறங்குகிற பக்கம் முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் தெருச் சரிவுக்கே என் கடைக் கண்ணாடி போனது. அந்த வளைவுகளில் விழுவதற்கு எங்களைத் தவிர வேறொன்றும் இருக்காது.

என் தொழிலில் எனக்கு ஒரு சாபம் உண்டு. நாள் முழுக்க ஜனங்களின் மூக்கில் லென்சை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பேன். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்பார்கள். அதே சாபம் இப்போது கடைக்கு வெளியேயும் துரத்தியது.

கேரவனை விற்றவருக்குப் போன் போட்டேன். "உங்க ஜீப்பா சார்? தாராளமா இழுக்கும்! மலை என்ன மலை!"

மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேரவனுக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசியதால் அவருடைய செருப்போடுதான் எனக்கு உரையாடல்.

"இதுக்குன்னு தனியா பிரேக் இருக்கா?"

"இருக்கு சார்."

"பிடிக்குமா?"

"பிடிக்கும்." செருப்பு ஒருமுறை அசைந்தது. "பிடிக்கணும்."

"கவலப்படாதே" என்று நாங்கள் பெயர் வைத்திருக்கும் என் மச்சினனிடம் கேட்டேன். அவன் வாயைத் திறந்தால் முதலில் அந்தச் சொல்தான் வரும்.

"கவலப்படாதீங்க அத்தான். ஃபோர் வீல் டிரைவ்! சேறு, மணல், பாறை, எதுலயும் போற வண்டி. இதை இழுக்காதா?"

"இழுக்கும்டா. நிறுத்துமான்னு கேக்கறேன்."

"அட, இழுக்கற வண்டிக்கு நிறுத்தத் தெரியாதா?"

கடைசியில் அவனையே கூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே ஜல்லி லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்குப் போனேன். முதலில் ஜீப்பை மட்டும் ஏற்றினோம். எங்கள் இரண்டு பேரின் தொப்பையையும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு கிலோ. பிறகு கேரவனைக் கழற்றித் தனியாக மேடையில் நிறுத்தினோம். சிவப்பு எண்கள் கொஞ்சம் தயங்கிவிட்டு இரண்டாயிரத்து முந்நூறில் நின்றன.

ஜீப்பின் கதவோரத்தில் ஒரு தகடு உண்டு. இந்த வண்டி அதிகபட்சம் இரண்டாயிரம் கிலோ இழுக்கலாம் என்று அதில் அடித்திருக்கிறது. இத்தனை வருடம் அதை அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

"முந்நூறுதானே அத்தான் கூட! நம்ம சித்தி பொண்ணுங்க மூணு பேரு ஏறின மாதிரி நினைச்சுக்கோங்க."

எடை கூடியதுகூட இருக்கட்டும். பின்னால் வருவது முன்னால் போவதைவிட ஐந்நூறு கிலோ கனம். எது எதை இழுத்துக்கொண்டு போகப் போகிறது?

மேடைக் கூண்டுக்குள் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "என்னம்மா, இதைக் கட்டிக்கிட்டு மலையிறங்கலாமா?"

அவள் காதிலிருந்த இயர்போனைக் கழற்றாமலே, "அடுத்த லாரி நிக்குது, நகருங்க சார்" என்றாள்.

அன்றிலிருந்து திருடனாகிவிட்டேன். மனைவி குளிக்கப் போகும் நேரம் பார்த்து கேரவனிலிருந்து ஒவ்வொன்றாக இறக்குவேன். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டேன். என் கருவிப்பெட்டி, மடக்கு மேசை, காஸ் சிலிண்டர். அவளிடம் சொன்னால் பயப்படுவாள், பயந்தால் மகளிடம் போகிற சந்தோஷம் போய்விடும். அவள் ஒரு மாதமாகக் குட்டிக் குட்டிச் சட்டையாகத் தைத்துக் குவித்திருந்தாள்.

ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. நான் தொடாத பொருள்களும் காணாமல் போய்க்கொண்டிருந்தன. இரும்புக் கால் வைத்த அவளுடைய தையல் மிஷின், பெரிய மெத்தை, போர்வை மூட்டை. மச்சினன் தூக்கிக்கொண்டு போயிருப்பான் என்று நினைத்தேன். அவன் எங்கள் வீட்டிலிருந்து எதையும் சொல்லிவிட்டு எடுத்ததில்லை.

வியாழக்கிழமை நான் மட்டும் மறுபடியும் எடைமேடைக்குப் போனேன். இரண்டாயிரத்து நூறு. உள்ளே எட்டிப் பார்த்தேன், இறக்குவதற்கு ஒன்றுமில்லை. முன்பு வைத்திருந்த மகராசன் கனமான மரத்தில் சுவரோடு சுவராக அலமாரிகள் அடித்து வைத்திருந்தான். படுக்க மெத்தை இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, எடை மட்டும் இருந்தது.

அன்று மாலை மகள் போன் செய்தாள்.

"அப்பா, சனிக்கிழமை கண்டிப்பா வந்துடுவீங்கல்ல?"

"வந்துடுவோம்டா கண்ணு."

"மலையில மழைன்னு சொன்னாங்கப்பா. பாத்து வாங்க. ஆனா வந்துடுங்க. ராத்திரியில தனியா இருக்கப் பயமா இருக்குப்பா."

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, வேலை இருப்பதுபோல் குழாயைத் திறந்து மூடினேன். அவள் பேசி முடித்ததும் கேட்டேன்.

"சனிக்கிழமை காலையில கிளம்பிடலாமா?"

"உங்க இஷ்டம்."

கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பதில் எனக்குக் கிடைக்கிறது. சம்மதமா, மறுப்பா, மிரட்டலா என்று இன்றுவரை பிடிபடவில்லை. அன்று தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் வலது கால் தானாக மெத்தையை மிதித்தது.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். நான் சாப்பிடும்வரை உட்கார வேறு நாற்காலி இல்லாததால், கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்தாள். வாசலுக்கு மேலே வெறும் கொக்கி இரண்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"ரொம்ப நாளாச்சு, உன் பவரைப் பாத்துடறேன்" என்றேன். பேச்சுக்கு ஏதாவது வேண்டியிருந்தது. கனமான பரிசோதனைச் சட்டத்தை அவள் மூக்கில் மாட்டி, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டேன். ஒரு லென்ஸ் போட்டேன்.

"இது தெளிவா?" மாற்றினேன். "அது தெளிவா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"சரியா பாத்துச் சொல்லு. இதுவா... அதுவா?"

"உங்க இஷ்டம்."

லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஊரெல்லாம் இழுக்குமா இழுக்குமா என்று கேட்டுத் திரிந்தவன், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வரப்போகிறவளிடம் எதையும் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நான் ஒண்ணு கேக்கறேன். இஷ்டம் கிஷ்டம்னு சொல்லாதே. அந்தக் கேரவனைக் கட்டிக்கிட்டு மலையிறங்க உனக்குப் பயமா இருக்கா?"

அவள் சட்டத்தைக் கழற்றவில்லை. ஒரு கண்ணுக்கு லென்ஸ், ஒரு கண்ணுக்கு வெறும் வளையம், அப்படியே என்னைப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள். "அன்னிக்கு நீங்க அகலமா எல்லாம் திருப்பல. பிரேக்கை அழுத்தி மிதிச்சீங்க, அது நிக்கல. பக்கத்துல உக்காந்துட்டு இதுகூடவா தெரியாது? சொன்னா பயணத்தையே நிறுத்திடுவீங்களோன்னுதான் வாயைத் திறக்கல. மிஷினை இறக்கினேன், மெத்தையை இறக்கினேன். நீங்க ஒரு பக்கம் இறக்கறதையும் பாத்துட்டுத்தான் இருந்தேன். போதும். அதைக் கட்டிக்கிட்டு நான் வரமாட்டேன், உங்களையும் விடமாட்டேன். ஜீப் மட்டும்னா கடையைப் பூட்டுங்க, இப்பவே கிளம்பலாம். அவ வீட்டுல தரையில படுத்துக்கலாம். எனக்கு முதுகு வலிக்கும், நீங்க குறட்டை விடுவீங்க, பிள்ளை அழும். பரவாயில்ல."

சட்டத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"அப்புறம், ரெண்டாவதா போட்டீங்களே, அதுதான் தெளிவா இருந்துச்சு."