டிக்கெட் இல்லாத குரல்

1911-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ரயில் பேராச்சியின் குரலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளத்தில் நின்ற தன் ஆட்டை விரட்ட அவள் கத்திக்கொண்டிருந்தாள். ஆடு தப்பியது. கத்தல் பாதியில் மூன்றாம் வகுப்புப் பெட்டியின் சன்னலில் மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து பேராச்சி வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குரல் கடற்கரைக்கும் மலையடிவாரத்துக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது. பயணிகள் அதற்கு இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

நான் அவளுடைய வக்கீல். ரயில்வே கம்பெனிமீது வழக்குப் போட்டோம். குரல் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்கிறது என்று கம்பெனி எதிர்வழக்குப் போட்டது.

குரல் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றார் முன்சீப். கோர்ட்டு வாசல்வரை தண்டவாளம் போட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பேராச்சி கூண்டில் ஏறி நின்றாள். குரல் சன்னல் வழியாகச் சத்தியம் செய்தது.

"டிக்கெட் வாங்கினாயா?" என்று கேட்டார் கம்பெனி வக்கீல் நரசிம்மாச்சாரி.

"நான் எங்கே ஏறினேன்? நீங்கதானே இழுத்துட்டுப் போனீக!" என்றது குரல். பேராச்சி கூண்டிலிருந்து அவரை முறைத்தாள்.

கம்பெனி சமரசத்துக்கு வந்தது. பயணிகள் மறந்துவிட்டுப் போன சாமான்களுக்கிடையே ஒரு பாடகியின் குரல் கேட்பாரற்றுக் கிடந்தது. அதை ஈடாக ஒரு ஜாடியில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார் ஆச்சாரியார். மூடியைத் திறந்ததும் அது கல்யாணி ராகத்தில் ஒரு வரி பாடியது. முன்சீப் கண்ணை மூடிக்கொண்டார்.

"வாங்கிக்கொள், அம்மா," என்று பேராச்சியின் காதருகே சொன்னேன். எனக்கே ஆசையாக இருந்தது.

பேராச்சி இறங்கி வந்து ஜாடியை மூடித் திருகினாள்.

"அது பாடும். எனக்கு ஏசணும்," என்றது பெட்டியிலிருந்த குரல். "பாட்டுக்கு என் ஆடு திரும்பாது, எசமான்."

முன்சீப் ஜாடியை மேஜை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். இழுத்தவர்தான் திருப்பித் தர வேண்டும். அதே இடத்தில், அதே வேகத்தில், ரயில் பின்னோக்கி ஓட வேண்டும்.

ஓடியது. பேராச்சி தண்டவாளத்தோரம் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். பெட்டி கடந்ததும் இருமினாள். விட்ட இடத்திலிருந்து மீதிக் கத்தலைக் கத்தி முடித்தாள். அதன்பின் ரயிலை மறித்து நின்று கம்பெனியை ஏச ஆரம்பித்தாள். ஆச்சாரியார் குடையை விரித்துக்கொண்டார். கம்பெனி துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி, பொழுது சாயும்வரை நின்று கேட்டார்.

மறுநாள் காலை எஞ்சின் என் வீட்டுக்கு வந்தது. அதற்கும் கம்பெனிமீது ஒரு வழக்கு இருந்தது. உட்காரச் சொன்னேன்.