கடைசி வரிசை எழுத்துகள்

மேடையேறும் முன் அண்ணன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டதை முன்வரிசையில் இருந்த தங்கை பார்த்துவிட்டாள். கண் மாத்திரை விற்கிறவர் கண்ணாடியோடு நிற்பது, வழுக்கைத் தலையர் கூந்தல் தைலம் விற்பதற்குச் சமம் என்று கம்பெனி பயிற்சியில் சொல்லியிருந்தார்களாம். லூட்டின், துத்தநாகம், வைட்டமின் ஏ என்று மாத்திரையில் இருப்பதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போனவர், ஜியாக்சாந்தின் வந்ததும் வெளிநாட்டுச் சம்பந்தியின் பெயரைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

அடுத்து, மாத்திரைக்குச் சாட்சியாக மேடைக்கு வந்தது அவளுடைய கணவன். பள்ளி வேன் ஓட்டுகிறவன். போன வாரம்தான் பள்ளி வாசல் தூணில் வேனை உரசியிருந்தான். கண்ணில் புரை முற்றிவிட்டது, ஆபரேஷன்தான் என்று இரண்டு மாதம் முன்பே சொல்லியிருந்தார் டாக்டர். கீரையும் முட்டையும் வைட்டமினும் கண்ணுக்கு நல்லவைதான், ஆனால் வந்த புரையை அவை கரைக்காது என்றும் சொன்னார். "டாக்டர்னா கத்தியைப் பத்திதான் பேசுவான். நம்ம கேப்சூலைப் போடு மாப்ள" என்றார் அண்ணன். ஊசியைக் கண்டாலே வியர்க்கிறவனுக்கு அது தெய்வவாக்காகிவிட்டது. வீட்டுக் கூடத்தில் எழுத்து அட்டை ஒன்றை மாட்டி, தினமும் மைத்துனனைப் படிக்க வைத்தார் அண்ணன். பார்வை தேறியதோ இல்லையோ, அட்டை மனப்பாடம் ஆனது.

"கடைசி வரிசையைப் படி மாப்ள" என்று மைக்கில் சொன்னார் அண்ணன்.

"ப, ட, ம, ச, க" என்றான் கணவன், கணீரென்று.

மேடையில் தொங்கியது கம்பெனி அனுப்பிய புது அட்டை. அதில் இருந்தது ர, ந, வ, த, ல. முதலில் கைதட்டியவர் அண்ணன். பிறகு மண்டபமே தட்டியது. கண் மங்கியதால்தானே அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

அவள் எழுந்தாள். "அண்ணே, இது வேற அட்டை. அவரு வீட்ல இருக்கிறதை ஒப்பிக்கிறாரு."

"நம்ம தங்கச்சிதான்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார் அண்ணன். "அவளுக்கும் பார்வை கொஞ்சம் கம்மி. ஒரு டப்பா எடுத்து வெச்சிருக்கேன்."

"பையில இருக்கிற கண்ணாடியைப் போட்டுட்டு நீயே படி."

அண்ணனின் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. யாரோ பின்னாலிருந்து சலித்துக்கொண்டார்: "வீட்டுச் சண்டையை வீட்ல வெச்சுக்கம்மா. சார், எனக்கு ரெண்டு டப்பா."

வெளியே மாலை வெயில் முகத்தில் அறைந்தது. வேன் அருகில் வந்ததும் கணவன் பல்லைக் கடித்தான்.

"சபையில என் மானத்தை வாங்கிட்டல்ல. சாவியைக் குடு."

"நாளைக்குப் பிள்ளைங்களை ஏத்தப் போறீங்களா?"

"ஏத்தாம? உங்கண்ணனா வந்து ஓட்டுவான்?"

அண்ணன் ஓட்டினாலும் இதே கதிதான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். கைப்பைக்குள் கையை விட்டுச் சாவிக்கொத்தை எடுத்தாள்.

"இந்தாங்க."

அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவன் கை விறைப்பாக எழுந்தது. சாவிக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் காற்றைப் பிடித்து மூடியது. திறந்தது. மறுபடி மூடியது. சாவிகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் காட்டிவிடாதபடி, கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள்.