தமர்க்குழியில் ஏறி இறங்கிய தண்ணீர்

அறுபத்திரண்டு அடி ஆழத்தில் ஒச்சப்பன் குந்தியிருந்தான். கையில் நீளக் கரண்டி. எதிரே பாறையில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு குழி. வேட்டு மருந்து திணிப்பதற்காக வியாழக்கிழமை அவனும் பெருமாள்சாமியும் மாறி மாறிச் சம்மட்டி போட்டு இறக்கிய தமர்க்குழி அது. மூன்றடி இறங்கியதும் உளி எதிலோ வழுக்கியது. பாறை வெடிப்பில் பட்டுவிட்டது என்று கைக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊறி, குழிவாய்க்கு ஒரு சாண் கீழே வந்து நின்றுகொண்டது. மறுநாள் பெரிய வெள்ளி. ஊரில் பாதிப் பேர் வேதக்காரர்கள், வேலை இல்லை. சனிக்கிழமை காலையில் சகதியை வழித்தெடுத்துவிட்டு மருந்தை வைத்துவிடலாம் என்று இறங்கியிருந்தான். அறுபத்துநாலாம் வருஷம், மார்ச் கடைசி. மேலே வெயில் அப்போதே காந்த ஆரம்பித்திருந்தது.

கரண்டியைக் குழிக்குள் விடப்போனான். தண்ணீர் தானாக மேலே வந்தது.

வாய்வரைக்கும் ஏறி, விளிம்பில் புடைத்து நின்று, வழிந்து அவன் கால்விரலை நனைத்தது. ஊற்று பொத்துக்கொண்டது என்று சத்தம் போட வாயைத் திறப்பதற்குள் இறங்கத் தொடங்கியது. ஒரு சாண், ஒரு முழம், அதற்கும் கீழே. கரண்டியை விட்டுத் துழாவினான். வெறும் பாறையில் தகரம் உரசியது. பத்து எண்ணுகிற நேரம்தான். மறுபடி ஏறியது. வழிந்தது. மறுபடி இறங்கியது.

ஒரு சத்தமில்லை. காலுக்கடியில் ஒரு நடுக்கமில்லை. சுவரிலிருந்து ஒரு பொடி உதிரவில்லை. படுத்து அசைபோடும் எருமையின் வயிறு மாதிரி அது பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல்.

ஒச்சப்பனுக்குக் கிணற்றில் இருபத்திரண்டு வருஷம். சாணார்பட்டி, நத்தம் ரோடு, சேவுகம்பட்டி வரைக்கும் அவன் இறங்காத காடு குறைவு. மேலே செம்மண், அப்புறம் வெள்ளைச் சுக்கான், அதற்குக் கீழே கையால் பிசைந்தால் உதிர்கிற மக்குப் பாறை, அதில் காக்காப்பொன் மினுக்கும். முப்பத்தைந்து அடிக்கு மேல் போனால் கரும்பாறை, மருந்துக்கு மட்டும்தான் மசியும். அந்தக் கரும்பாறைதான் மக்கி மக்கி மேலே மண்ணாகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிளந்து பிளந்து பார்த்துக்கொண்டான். மண் சரியும், சுக்கான் சரியும், மக்குப் பாறை ஆளைக் கொல்லும். கரும்பாறையை எட்டிவிட்டால் மட்டும் நிம்மதியாகக் கால் ஊன்றலாம். ஊற்று என்றால் வரும். வந்த தண்ணீர் திரும்பிப் போய் அவன் பார்த்ததில்லை.

பின்னால் உடைகல்லைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்த செபாஸ்தியம்மாள் நிமிர்ந்தாள். "என்ன மேஸ்திரியண்ணே, குழிக்குள்ள பொண்டாட்டி மொகம் தெரியுதா? அம்புட்டு நேரமாப் பாக்குறீக?"

"இங்க வா ஆத்தா."

அவள் வந்து குனிந்தாள். தண்ணீர் ஏறியது. இறங்கியது. கூடையைக் கீழே வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டாள்.

"ஏசுவே, மூச்சு விடுதுண்ணே."

ஒச்சப்பன் கரண்டியைப் போட்டான். எழுந்து, எதிர்ச் சுவரோரம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்த பெருமாள்சாமியைப் பார்த்துக் கத்தினான். "ஏலே பெருமாளு, மேல ஏறு. சாமானெல்லாம் கெடக்கட்டும். ஏறுங்க எல்லாரும்!"

மேலே, எஞ்சினுக்கு டீசல் கொண்டுவந்திருந்த பக்ருதீன் சைக்கிளைக்கூட இன்னும் ஸ்டாண்டு போடவில்லை. தோட்டம் அவன் மாமு நைனா முகமது ராவுத்தருடையது. ராவுத்தருக்குப் பேகம்பூரில் தோல் மண்டி. கணக்குப்பிள்ளை, காவல், தூது எல்லாம் பக்ருதீன்தான். ஒவ்வொருவராய்க் கயிற்றேணியில் ஏறி வருவதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருப்பினான்.

"மணி பத்துகூட ஆகல. அதுக்குள்ள கஞ்சிக்கு ஏறிட்டீங்களா?"

ஒச்சப்பன் நடந்ததைச் சொன்னான்.

"பக்கத்துத் தோட்டத்துக் கெணத்துல எவனாச்சும் வேட்டுப் போட்டிருப்பான்."

"வேட்டுன்னா ஒரு சிலுப்பு சிலுத்து அடங்கிரும் தம்பி. எனக்குத் தெரியாதா? இது ஏழெட்டு வாட்டி போச்சு, வந்துச்சு. போற தண்ணி எங்க போகுது? போறதுக்கு அடியில எடம் இருக்கு. பொந்து இருக்கு. நாம நிக்கிறது தரையில்ல, மூடி. அது மேல நாலு வேட்ட வச்சா மூடியோட சேந்து சனமும் உள்ள போயிரும்."

பக்ருதீன் தானே இறங்கிப் பார்த்தான். அவன் போனபோது தண்ணீர் வாய்க்கு ஒரு சாண் கீழே, வியாழக்கிழமை நின்ற இடத்திலேயே சாதுவாக நின்றது. மேலே வந்து வேட்டியை உதறினான். "நேத்து லீவுல எங்க போயி ஊத்துனீகளோ, இன்னும் எறங்கல."

"நா ஊத்துறவளாய்யா?" என்றாள் செபாஸ்தியம்மாள். "ஒரு சந்தி நோம்பு இருந்து பச்சத்தண்ணிகூட எறங்கல. நானுந்தான் பாத்தேன்."

"சரி. மாமுகிட்ட சொல்றேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்து பதிலச் சொல்லிருங்க. நீங்க எறங்கலைன்னா நத்தத்துக் கூட்டத்த எறக்கிருவாரு. அவருக்குக் கத்திரி வெயிலுக்கு முன்னாடி தண்ணி வேணும்."

நத்தத்துக் கூட்டம் இறங்கிப் பத்திரமாகத் தண்ணீரைக் காட்டிவிட்டால், தண்ணீரைக் கண்டு பயந்து ஓடிய மேஸ்திரி என்று நாலு ஊர் சிரிக்கும். அதற்கப்புறம் எவனும் கிணற்றுக்குக் கூப்பிட மாட்டான். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இன்னொரு சாவைத் தாங்க முடியாது. ஐந்து வருஷத்துக்கு முன் சேவுகம்பட்டியில் சுவர் சரிந்து பெருமாள்சாமியின் அண்ணன் செத்தான். அதற்கு முந்தின நாள் அந்தச் சுவரில் மயிரிழை மாதிரி ஒரு கீறலை ஒச்சப்பன் பார்த்திருந்தான். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். இதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை. பெருமாள்சாமி இன்றைக்கும் அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேகம்பூருக்கு நடந்தான். முடியாது என்று சொல்லிவிடுவதாகத்தான் முடிவு. தோல் மண்டிக்குள் உப்பும் முடைநாற்றமுமாக மூக்கை அடைத்தது. ஆட்டுத்தோல்கள் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. நைனா முகமது ராவுத்தர் ஒரு தோலைப் புரட்டி மயிர்ப்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வாப்பா ஒச்சப்பா. எங்கெணத்துக்கு மூச்சு முட்டுதாமே. வைத்தியரக் கூட்டியாரவா?"

மண்டியில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஒச்சப்பன் சிரிக்கவில்லை. "அடியில என்னன்னு தெரியாம ஆள எறக்க மாட்டேன் ராவுத்தரே. நீங்க வேற ஆளப் பாத்துக்கிருங்க."

ராவுத்தர் தோலைப் போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். பயந்தவன் முகத்தையும் ஏய்ப்பவன் முகத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த வியாபாரி. அப்போது மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பக்ருதீன் மெதுவாக எழுந்து வந்தான்.

"மாமு, இதக் கேளுங்க. அமெரிக்காவுக்கு வடக்க அலாஸ்கான்னு ஒரு சீமை. அங்க பூமி அதிர்ச்சியாம். இதுவரைக்கும் காணாத அதிர்ச்சியாம். தெரு ரெண்டாப் பொளந்து வீடு உள்ள போயிருக்கு. கடல் ஏறி வந்து கப்பலத் தூக்கிக் கரையில போட்டிருக்கு. நேத்துக் காலையில, நம்ம நேரத்துக்கு ஒம்பது மணி ஆறு நிமிஷம்."

"அதுக்கு?" என்றார் ராவுத்தர்.

"நேத்துக் காலையிலதான் இவுகளும்..." பக்ருதீன் நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தான். "ஆனா ஒத்துவரல மாமு. இவுக மேல ஏறுனப்ப நான் கடியாரத்தப் பாத்தேன். பத்து. முக்கா மணி நேரத்துக்கு மேல தள்ளிப்போகுது. அங்க ஆடுனதுக்கு இங்க ஆடுறதுன்னா அப்பவே ஆடியிருக்கணும்ல."

ஒச்சப்பன் அவன் பக்கம் திரும்பினான்.

"எம்புட்டுத் தூரம் தம்பி?"

"ஏழாயிரம் மைலு இருக்கும். உருண்டைக்கு அந்தப் பக்கம்."

"அம்புட்டுத் தூரம் வாரதுக்கு நேரம் வேணாமா?" என்றான் ஒச்சப்பன். "பாறையில ஒரு கோடியில காத வச்சுக்கிட்டு மறுகோடியில ஒருத்தனச் சம்மட்டி போடச் சொல்லுங்க. அடி மொதல்ல கல்லு வழியாக் காதுக்கு வரும், அப்புறந்தான் காத்து வழியா வரும். கல்லு வழியா வாரது வெரசா வரும். ஆனா வரணும்ல? நடந்துதான வரணும்? அங்க கெளம்பி அம்பது நிமிஷத்துல இங்க வந்திருக்கு."

ஐம்பது நிமிஷம். திண்டுக்கல்லில் பஸ் ஏறுகிறவன் நத்தம் போய் இறங்குவதற்குள். அதே நேரத்துக்குள் கடலுக்கடியிலும் மலைக்கடியிலும் புகுந்து, பேர் தெரியாத தேசங்களின் அடிப்பாறையெல்லாம் தாண்டி, சாணார்பட்டிக்குப் பக்கத்தில், அவன் கையால் அடித்த கட்டைவிரல் பருமன் குழிக்குள் வந்து தண்ணீரைத் தூக்கி இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. வழியில் எத்தனை கோடிச் சனம் சோறு தின்றுகொண்டும் வண்டி ஓட்டிக்கொண்டும் இருந்திருக்கும்! ஒருத்தனுக்கும் தெரியவில்லை. அவனுக்கும் செபாஸ்தியம்மாளுக்கும் தெரிந்தது.

"அப்ப அங்க இருக்கிற பாறையும் இங்க இருக்கிற பாறையும் ஒண்ணா?" என்றார் ராவுத்தர். இப்போது கேலி இல்லை.

"ஒட்டிக்கிட்டு இருந்தாத்தான வரும்?"

பக்ருதீன் எட்டாவது வரை படித்தவன். "வாத்தியார் சொல்லிருக்காரு. பூமிக்கு மேல இருக்கிறது ஓடுதானாம், இருவது முப்பது மைலுக்கு. அதுக்குக் கீழ வேற பாறை, நெருப்பாக் காயுதாம். இன்னும் கீழ போனா இரும்புக் கொழம்பு. நட்டநடுவுக்கு நாலாயிரம் மைல் எறங்கணும்."

"நா இதுவரைக்கும் தோண்டுன பெரிய கெணறு தொண்ணூத்தி ரெண்டடி," என்றான் ஒச்சப்பன். வெட்கப்பட்டுச் சொல்வதுபோல் இருந்தது. "அப்ப இன்னும் தோலையே தாண்டலையா?"

ராவுத்தர் அடுக்கிலிருந்த ஆட்டுத்தோலில் கையை வைத்தார். "தோலா? மேல ஒட்டியிருக்கிற மயித்தச் செரைச்சுக்கிட்டு இருக்கோம்டா. அதுவும் அரைகொறையா." சொல்லிவிட்டு அவரே பள்ளிவாசல் பக்கம் பார்த்து வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டார்.

பிறகு கேட்டார். "எறங்குவியா மாட்டியா?"

"பொந்து இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. வெடிப்புல நிக்கிற தண்ணிய அந்த அதிர்ச்சிதான் அமுக்கி அமுக்கி விட்டிருக்கு." ஒச்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டான். "மூடின்னு சொன்னது மட்டும் சரிதான் ராவுத்தரே. நா நெனச்சதவிடப் பெரிய மூடி. எங்க போனாலும் அது மேலதான் நிக்கணும். நாளைக்கு எறங்குறேன்."

திங்கட்கிழமை காலையில் கிணற்றுமேட்டில் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னான். மூன்றாவது ஆள், கப்பிக்கயிறு இழுக்கும் மாயம்மாள், நம்பவேயில்லை. "கதவுடாதீக. அங்க எவனோ தும்முனா எனக்குச் சளி பிடிக்குமா?" பெருமாள்சாமி தரையைக் காலால் இரண்டு தரம் மிதித்துப் பார்த்தான்.

"அங்க நேரம் வேறயாம்," என்றான் ஒச்சப்பன். "நமக்குச் சனிக்கெழம காலைன்னா அவுகளுக்கு வெள்ளிக்கெழம சாயங்காலம்."

செபாஸ்தியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "பெரிய வெள்ளியா?"

"ஆமா."

ஆண்டவர் உயிர்விட்டபோது பூமி அதிர்ந்தது, பாறைகள் பிளந்தன என்று கோயிலில் வாசித்ததைக் கேட்டு மூன்று நாள்கூட ஆகவில்லை. அவள் வாய் முணுமுணுத்தது. பிறகு, "எத்தன பேரு செத்தாகளாம்?" என்றாள்.

"நூறுக்கு மேல இருக்குமாம். இன்னும் சரியாத் தெரியல."

"பாவம், அவுகளும் அன்னைக்கு ஒரு சந்தி இருந்திருப்பாக," என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஒச்சப்பன் பெருமாள்சாமியைத் தனியே அழைத்துப் போனான். சேவுகம்பட்டிச் சுவர்க் கீறலைச் சொன்னான். சொல்லிவிட்டு, "இப்ப எங்கூட எறங்குறதும் எறங்காததும் உன் இஷ்டம்" என்றான். பெருமாள்சாமி சிறுமலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். கண்கள் சிவந்திருந்தன. "அன்னைக்கே சொல்லிருக்கலாம்ண்ணே," என்றான். அப்புறம், "மொதல்ல நீங்க எறங்கிப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா வாரேன்."

ஒச்சப்பன் தனியாக இறங்கினான். செம்மண், சுக்கான், மக்குப் பாறை. ஏணியில் ஒவ்வொரு படிக்கும் அவை முகத்துக்கு எதிரே மேலே போயின. அடிக்கு வந்து கடப்பாரையால் நாலு மூலையிலும் தட்டினான். கணீர் கணீர் என்று திடமாகச் சொன்னது பாறை. பிறகு தமர்க்குழிக்கு எதிரே குந்தினான். தண்ணீர் வாய்க்கு ஒரு சாண் கீழே நின்றது. அது நகரக் கூடாது என்றுதான் இறங்கியிருந்தான். மூன்று உயிர் அதில் இருந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க மனசு வேறு ஒன்றைக் கேட்டது. இன்னும் ஒரே ஒரு தரம் ஏறி வராதா என்று கேட்டது. பாறையில் உள்ளங்கையை விரித்து வைத்தான். குளிர்ந்திருந்தது.

"என்னண்ணே, எறங்கவா?" மேலேயிருந்து பெருமாள்சாமியின் குரல் வந்தது.

ஒச்சப்பன் கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தான். தண்ணீர் அசையவில்லை.

"எறங்கு," என்றான்.