ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோனவர்கள்

மெர்ல் ஆஸ்ட்ராண்டரும் நானும் போர்ட்லாந்து பேருந்துப் பணிமனையில் ஒன்றாக என்ஜின் பிரித்தவர்கள். ஏதாவது அவன் தலைக்குள் ஏறிவிட்டால் லேசில் இறங்காது. அந்த வருடம் ஏறியது வாஷிங்டன் மாநிலம்.

வீட்டுக்காரர் வாடகையை மறுபடி உயர்த்தியிருந்தார். அந்தக் கடுப்பில் இருந்தவனிடம் மைத்துனன், "ஆத்தைத் தாண்டினா வருமான வரியே கிடையாதுடா" என்று சொல்லிவைத்தான். கொலம்பியா ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் ஓரிகன். அந்தப் பக்கம் வாஷிங்டனின் வான்கூவர். நடுவில் ஒரு பாலம்தான். இங்கே கடையில் விற்பனை வரி இல்லை, சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அங்கே சம்பளத்தை மாநிலம் தொடாது, கடையில் பிடித்துக்கொள்ளும்.

அவன் மனைவி இவெட்டுக்குப் போக மனமே இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, நடந்தே போய்வருவாள். நூலகம், ரொட்டிக் கடை, தோழிகளோடு சீட்டாட்டம் எல்லாம் நாலு தெருவுக்குள்.

"அங்க போய் நான் யார் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கறது?"

"என் மூஞ்சி இருக்கே."

"அதத்தான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாத்துட்டிருக்கேனே!"

இருந்தாலும் போனார்கள். குறைந்த வாடகைக்குத் தனி வீடு, பின்னால் அகலமான புல்வெளி. மெர்ல் பணிமனையில் அதன் படத்தைக் காட்டாத ஆள் இல்லை.

அடுத்த சம்பளம் வந்தது. ஓரிகன் வரி பழையபடியே பிடித்திருந்தார்கள். ஏதோ தவறு என்று அலுவலகத்துக்குச் சண்டைக்குப் போனான். சம்பளம் போடுகிற அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்க எந்தப் பக்கம் தூங்கறீங்கங்கறது எங்களுக்கு வேண்டாம் மெர்ல். வேலை பாக்கறது இந்தப் பக்கம்தானே?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பாவம், வீட்டில் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. புது வீட்டுக்கென்று இவெட் வான்கூவரிலேயே சோபா, கட்டில் எல்லாம் வாங்கி, அதற்கெல்லாம் வரி கட்டியிருந்தாள். கடைசியில் ஒரு நாள் சொன்னான். திட்டுவாள் என்று காத்திருந்தானாம்.

"அப்ப ரெண்டு பக்கமும் நாமதான் கட்டறமா?" என்று கேட்டவள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றும் கண்ணீர் நிற்கவில்லை என்றான்.

காலையும் மாலையும் பாலத்து நெரிசல் உயிரை எடுத்தது. இவெட் பள்ளி வேலையை விட்டுவிட்டாள். மெர்ல் வீடு சேரும்போது அவள் சாப்பிட்டுப் படுத்திருப்பாள்.

குளிர்காலத்தில் உறைமழை பெய்த ஒரு மாலை, குப்பையை வெளியே வைக்கப் போனவள் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் முறிந்தது. விழுந்தபடியே மெர்லுக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்க?"

"பாலத்து மேல. முன்னாடி நாலஞ்சு வண்டி மோதிக் கிடக்கு. அசைய முடியல இவெட்."

அவள் அலறலைக் கேட்டு வந்தவள் பக்கத்து வீட்டு ஹலினா. உக்ரைனிலிருந்து வந்து குடியேறியவள். அதுவரை கையசைத்ததோடு சரி. வழுக்காமலிருக்கக் காலணிக்கு மேல் கம்பளிக் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். இவெட்டைத் தூக்கி, மெதுவாக வண்டியை உருட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். மெர்ல் போய்ச் சேர்ந்தபோது மாவுக்கட்டு போட்டாகிவிட்டது. இரண்டு பெண்களும் பீட்ரூட் சூப்பில் வினிகர் விடலாமா கூடாதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து மெர்ல் ஆளே மாறிப்போனான். மதிய இடைவேளையில் போர்ட்லாந்து வீட்டு விளம்பரங்களாகத் தேடினான். "என் முட்டாள்தனத்துக்கு அவ கால் ஒடஞ்சதுடா. திரும்பக் கூட்டிட்டு வந்துடறேன்" என்றான்.

வசந்தத்தில், பழைய தெருவிலேயே இரண்டு அறை வீடு கிடைத்தது. சொல்லாமல் இவெட்டை அழைத்து வந்தான். சாவி வாங்க நானும் கூட இருந்தேன். அவள் ஊன்றுகோலோடு அறை அறையாகப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. எனக்கு வேண்டாம்."

"நீதானே இங்கயே இருக்கணும்னு சொன்ன?"

"அது அப்ப. ஹலினாவோட சர்ச் சமையல்கட்டுல சனிக்கிழமை என்னைத்தான் தேடறாங்க. பக்கத்துப் பள்ளிக்கூடத்துல இலையுதிர் காலத்துலேர்ந்து வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க. போன வாரம் தக்காளி நட்டேன்." அவள் குரல் தணிந்தது. "அங்க இழுத்துட்டுப் போனப்பவும் நீ என்னைக் கேக்கல மெர்ல். இப்ப திருப்பி இழுத்துட்டு வரும்போதும் கேக்கல."

மெர்ல் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். நான் ஜன்னலை ஆராய்வதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"சரி, இப்பக் கேக்கறேன். எங்க இருக்கலாம்?"

"அங்கதான். ஆனா நீயும் அந்தப் பக்கமே வேலை தேடு. எனக்குப் புருஷன் சாயங்காலம் வீட்டுக்கு வரணும்."

கோடைக்குள் வான்கூவரில் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் சேர்ந்தான். சம்பளம் எங்களுடையதைவிடக் குறைவு. வரி மிச்சமானதை அது ஏறக்குறைய தின்றுவிட்டது.

ஆகஸ்டில் போய்ப் பார்த்தேன். வெயில் தாழாத நேரத்திலேயே மெர்ல் வீட்டிலிருந்தான். சட்டையெல்லாம் மண், கையில் தக்காளிக் கூடை. ஹலினா படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"செலவு அங்கயும் இங்கயும் ஒண்ணுதாண்டா. ஆனா இப்பெல்லாம் சோறு சூடா இருக்கும்போதே சாப்பிடறேன்" என்றான். பிறகு உற்சாகம் வந்துவிட்டது. "நீயும் இந்தப் பக்கம் வந்துடேன். அடுத்த தெருவுல ஒரு வீடு காலியா இருக்கு."

உள்ளேயிருந்து இவெட் குரல் கொடுத்தாள்.

"முதல்ல அவரு பொண்டாட்டியக் கேக்கச் சொல்லு!"